வரவு, செலவு, இருப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழா உரை என்றதும் அகத்துறை ஒன்றையோ, காப்பிய மாந்தர் ஒருவரையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரு வீட்டுக் கணக்கு. வட அமெரிக்காவில் பணி ஓய்வு பெற்றோர் பலர் பனிக்காலம் தொடங்கியதும் வீடு போன்ற வண்டியொன்றை ஓட்டிக்கொண்டு தெற்கே வெயில் காயும் மாநிலங்களுக்குச் சென்றுவிடுகின்றனர். பனி உருகியபின் திரும்புகின்றனர். இவ்வாறு செல்வதால் அவர்களுக்குப் பணம் மிச்சமாகிறதா என்பது அங்கே நெடுநாளாகப் பேசப்படும் வினா. அவ்வினா நமக்கும் உரியதே. இங்கே நாம் அஞ்சுவது பனியை அன்று, சித்திரை வெயிலை. வீட்டைப் பூட்டிக்கொண்டு இரண்டு மாதம் வெளியூர் போய்விட்டால் செலவு குறையாதா என்ற பேச்சு வெள்ளானூரிலும் ஆவடியிலும் அம்பத்தூரிலும் ஓய்வூதியக் குடும்பங்கள் பலவற்றில் ஒவ்வொரு பங்குனியிலும் எழுகிறது. இவ்வவையில் அமர்ந்திருப்போரில் பாதிப்பேர் ஓய்வு பெற்றோர். ஆதலின் இதை இங்கே பேசுவது பொருத்தமே என்று கருதினேன்.

மூன்று சொற்கள்

தமிழாசிரியர் எந்தப் பொருளைத் தொட்டாலும் சொல்லிலிருந்தே தொடங்குவார் என்பீர்கள். இங்கே சொல்லே வழிகாட்டுகிறது. கணக்கேட்டில் நாம் எழுதும் சொற்கள் மூன்று: வரவு, செலவு, இருப்பு. இம்மூன்றும் பணத்தைக் குறிப்பதற்கு முன் மனிதரைக் குறித்தன. வருதல் வரவு. செல்லுதல் செலவு. ஓரிடத்தில் இருத்தல் இருப்பு. சங்க இலக்கியத்தில் செலவு என்றால் பயணம். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன், தலைவியின் கலக்கம் கண்டு பயணத்தை நிறுத்திவைப்பதைச் செலவழுங்குதல் என்று அகத்திணை நூலோர் பெயரிட்டனர். அது போகாமலே நின்றுவிடுவது அன்று, அவளைத் தேற்றுவதற்காகச் சற்றே தாழ்த்துவது என்று தொல்காப்பியர் தெளிவுபடுத்துகிறார்.

காலப்போக்கில் கையை விட்டுச் செல்லும் காசும் செலவாயிற்று, கைக்கு வருவது வரவாயிற்று, கையில் தங்குவது இருப்பாயிற்று. புறப்பட்டால் பணமும் உடன் புறப்படும் என்பதை நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கிவைத்தனர் போலும். செலவால் செலவு குறையுமா என்பதே நம் வினா. அதற்கு விடை காண வேண்டுமானால், நாம் பார்க்க வேண்டியது போகிற இடத்தை அன்று, விட்டுச்செல்கிற இருப்பை என்பதே இவ்வுரையில் நான் சொல்லவந்த கருத்து.

வெயிலும் பனியும் சேர்ந்த திணை

தொல்காப்பியர் ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தார். பிரிவுக்குரிய பாலைத் திணைக்கு வேனிலை உரிமையாக்கியவர், பின்பனியும் அதற்கு உரியது என்று சேர்த்துச் சொன்னார். கடும் வெயிலும் கடும் பனியும் ஒரே திணைக்குள் நிற்பது எண்ணத்தக்கது. மனிதரை இருந்த இடத்திலிருந்து பெயர்க்கும் காலங்கள் இவ்விரண்டுமே. ஆவடியில் முதியவர் ஒருவரைப் புறப்படச் செய்யும் அக்கினி நட்சத்திரமும், டொராண்டோவில் முதியவர் ஒருவரைப் புறப்படச் செய்யும் தை மாதப் பனியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

பனிக்காலத்தில் தெற்கே வருவது பறவைகளின் வழக்கம். நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டு ஏரிக்கு அக்காலத்தில் பூநாரைகளும் வடபுலத்து வாத்தினங்களும் வந்து தங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சத்திமுத்தப் புலவர் மதுரையில் குளிரில் நடுங்கியபடி தூது விடுத்ததும் அத்தகைய ஒரு நாரையைத்தான். துணையோடு தென்திசைக் குமரிக்குச் சென்று நீராடி வடதிசைக்குத் திரும்பும் அந்தப் பறவையிடம், சத்திமுத்தத்தில் இருக்கும் தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு அவர் வேண்டினார். நாரை துணையோடு சென்றது, புலவர் தனியே கிடந்தார். பறவைக்குப் பயணத்தில் காசு செலவில்லை. அதைவிட முக்கியமானது, விட்டுவந்த கூட்டுக்கு அது வரி கட்டுவதில்லை. மனிதர் கணக்கு வேறுபடுவது இவ்விடத்தில்தான்.

பனிப்பறவைகள்

பனிக்காலத்தில் தெற்கே செல்லும் முதியோரை வட அமெரிக்காவில் பனிப்பறவைகள் என்றே அழைக்கின்றனர். அவர்கள் ஓட்டிச்செல்லும் வண்டிக்குள் படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உண்டு. நம்மூரில் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர் நடிகையர் ஓய்வெடுக்கும் வண்டி நினைவுக்கு வரும். அதே இனம்தான்.

அரிசோனா மாநிலப் பாலைநிலத்தில் குவார்ட்சைட் என்றோர் சிற்றூர் உண்டு. அதைச் சுற்றியுள்ள நடுவண் அரசு நிலத்தில், 1983 முதல், நீண்டகாலத் தங்கலுக்கென்றே இடங்கள் ஒதுக்கப்பட்டன. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஏழு மாதங்கள் வண்டியை நிறுத்தி வாழப் பல்லாண்டுகளாக வாங்கப்பட்ட கட்டணம் 180 டாலர். மாதத்திற்கு 26 டாலருக்கும் குறைவு. மின் இணைப்போ குழாய்நீரோ வண்டி வாசலுக்கு வராது. ஆயினும் வாடகை இதைவிட மலிவாக அமைவது அரிது. இதை மட்டும் பார்ப்போர், தெற்கே சென்றால் மிச்சமே என்று முடிவு கட்டிவிடுவர்.

கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். பெரிய வண்டி ஒரு லிட்டர் எரிபொருளுக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர்தான் ஓடும். டொராண்டோவிலிருந்து புளோரிடா மாநிலத்தின் தென்முனைக்கு ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். போவதற்கு மட்டும் 600 முதல் 800 லிட்டர், திரும்புவதற்கும் அவ்வளவே. வண்டியின் விலை ஆண்டுதோறும் தேயும். அதற்குக் காப்பீடு, பழுது, சக்கரம், வீட்டிலிருக்கும் மாதங்களில் நிறுத்திவைக்க இடம் என்று செலவுகள் தொடரும். விட்டுச்சென்ற வீடும் சும்மா இராது. பனிநாட்டு வீட்டை முற்றிலும் குளிரவிட்டால் குழாய்நீர் உறைந்து குழாய்கள் வெடிக்கும். ஆகவே ஆளில்லாத வீட்டையும் ஓரளவு சூடாக்கியே வைக்க வேண்டும். யாரேனும் அடிக்கடி வந்து பார்க்க வேண்டும் என்று அங்குள்ள வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவும் நிபந்தனை விதிக்கின்றன. வீட்டுவரி ஆண்டு முழுமைக்கும் உண்டு. ஆக, ஒரு குடும்பம் இரண்டு இருப்புகளுக்குப் பணம் கட்டுகிறது.

யாருக்குத்தான் மிச்சமாகிறது? பின்னாலிருக்கும் வீட்டை விற்றவருக்கும், குளிர்காலத்திற்கு வாடகைக்கு விட்டவருக்கும் மிச்சமாகலாம். வீட்டையே இழந்தவர் கதை வேறு. 2008-ஆம் ஆண்டுப் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின் வீடிழந்த அமெரிக்க முதியோர் பலர் வண்டியையே வீடாக்கிக்கொண்டு, பருவத்திற்கேற்ப ஊர் ஊராகச் சென்று, கிடங்குகளிலும் வயல்களிலும் கூலி வேலை செய்ததை ஜெசிகா புரூடர் 2017-இல் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலாக எழுதினார். குளோயி சாவோ இயக்கத்தில் அது படமாகி 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. குவார்ட்சைட்டில் பக்கத்துப் பக்கத்து வண்டிகளில் இருப்போருள் ஒருவர் இன்பச் செலவு வந்தவர், மற்றவர் போக்கிடம் இல்லாதவர். வண்டியைப் பார்த்து இவரை அவரென்று பிரித்தறிய முடியாது. பின்னால் ஓர் இருப்பு உண்டா என்பதே வேறுபாடு.

கடல்கடந்த நம் உறவுகள்

1983-க்குப் பின் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஈழத்தமிழரின் முதல் தலைமுறையில் பலர் இன்று ஓய்வு வயதை எய்திவிட்டனர். அவர்களுக்குத் தெற்கு என்பது புளோரிடா அன்று. மார்கழியில் யாழ்ப்பாணத்திற்கோ சென்னைக்கோ வந்து, தையோ மாசியோ கழித்துத் திரும்புவோர் அவர்களுள் உண்டு. இங்கே கச்சேரிகள், கோயில்கள், பேசும் மொழி, காய்கறியின் மலிவு எல்லாம் அவர்களை அழைக்கின்றன.

அவர்களுடைய கணக்கை நிறுப்பன சட்டத்தின் எண்கள். 18 வயதுக்குப் பின் 20 ஆண்டுகளேனும் கனடாவில் வாழ்ந்தவருக்கே அந்நாட்டு முதியோர் ஓய்வூதியம், நீண்டகாலம் வெளிநாட்டில் தங்கினாலும், தொடர்ந்து கிடைக்கும். வருமானம் குறைந்தோர்க்கு அதன்மேல் தரப்படும் கூடுதல் தொகையோ, ஆறு மாதத்துக்கு மேல் நாட்டைவிட்டு விலகியிருந்தால் நிறுத்தப்படும். ஒன்டாரியோ மாகாணத்து மருத்துவ உரிமை 12 மாதங்களில் 212 நாள்களுக்கு மேல் வெளியே இருப்போருக்குக் கேள்விக்குள்ளாகும். வெளிநாட்டில் மருத்துவமனையில் சேர நேர்ந்தால் அம்மாகாணத் திட்டம் நாளொன்றுக்கு 400 கனடிய டாலருக்கு மேல் தருவதில்லை. எனவே தனிப் பயணக் காப்பீடு வேண்டும். வயது ஏற ஏற, நீரிழிவும் இதயநோயும் சேரச் சேர, அதன் விலை ஏறும். இரண்டு பேருக்கு விமானக் கட்டணமும் இக்காப்பீடும் சேர்ந்தால், யாழ்ப்பாணத்துக் கத்தரிக்காயின் மலிவு அதை ஈடுசெய்வது கடினம். அவர்கள் வருவது பேரன் பேத்தியருக்கு ஊரைக் காட்டவும், எஞ்சிய உறவுகளைக் காணவும், குளிரிலிருந்து மூட்டுகளைக் காக்கவுமே. அது தக்க காரணம்தான். அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை.

மலையேறிய அரசாங்கம்

நம் மண்ணில் பருவத்துக்கேற்ப இடம்பெயர்ந்த பெருங்குடும்பம் ஒன்று இருந்தது. அது சென்னை மாகாண அரசு. கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் உதகையில் வீடு கட்டிக் குடியேறிய பின், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூர் மாகாணத்தின் கோடைத் தலைநகராயிற்று. ஆளுநரும் அதிகாரிகளும் எழுத்தர்களும் கோப்புகளும் ஆண்டுதோறும் மலையேறினர். ஆளுநருக்கு அங்கே தனி மாளிகை எழுந்தது. 1899-இல் குன்னூர் வரையும் 1908-இல் உதகை வரையும் மலைரயில் வந்தது. ஆனால் புனித ஜார்ஜ் கோட்டையும் இங்கே இயங்கியாக வேண்டியிருந்தது. ஒரே அரசு இரண்டு இருப்புகளுக்குச் செலவிட்டது. மக்கள் வரிப்பணத்தில் குளிர்காய்வதா, அன்று, குளிர் தேடுவதா என்று நாட்டுப்பற்றாளர் கண்டித்தனர். மாகாண அரசாங்கத்துக்கே கட்டுபடியாகுமா என்று கேட்கப்பட்ட வழக்கம், மாத ஓய்வூதியம் பெறுபவருக்குக் கட்டுபடியாகுமா என்று நாம் கேட்பது தவறாகாது.

வெள்ளானூர்க் கணக்கு

நம் வட்டாரம் உழைப்பாளர் வட்டாரம். 1949-இல் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்றது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தது. அவற்றில் உழைத்தோர் சிறுகச் சிறுகச் சேர்த்து மனை வாங்கி, கடன்பட்டுக் கட்டிய வீடுகளே இப்பகுதியின் தெருக்கள். ஓய்வு பெற்றோர் என்று ஒரே பெயரால் நாம் சுட்டினாலும் அவர்கள் ஒரே வரவினர் அல்லர். நடுவண் அரசின் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சம் 9,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும் உண்டு. தனியார் ஆலைத் தொழிலாளருக்குரிய 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 2014-இல் 1,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆயிற்று. கோடைக்கு எங்கே போகலாம் என்ற வினா முதல்வகையினர் வீட்டில் எழும். மற்ற இரு வகையினருக்கு அது வினாவே அன்று. இதை மறந்துவிட்டு ஓய்வு பெற்றோர் எல்லாரையும் பற்றிப் பேசுவது முறையாகாது.

இனி எண்ணிப் பார்ப்போம். சித்திரை, வைகாசியில் வீட்டிலேயே இருந்து குளிரூட்டி போடுகிறோம் என்று கொள்வோம். இரண்டு மாதத்திற்கு 700 அலகு மின்சாரம் ஆனால், 2024 ஜூலைக் கட்டணப்படி ஏறத்தாழ 3,900 ரூபாய். மின்விசிறியோடு நிறுத்தி 300 அலகுக்குள் முடித்தால் 700 ரூபாய்க்குச் சற்று மேல். அலகு கூடக் கூட விகிதமும் ஏறுவதாலும், 500 அலகைத் தாண்டியதும் குறைந்த விகிதம் கைநழுவிவிடுவதாலும் இவ்வளவு வேறுபாடு. வீட்டைப் பூட்டிக் குளிர்பதனப் பெட்டியையும் நிறுத்திவிட்டுச் சென்றால், 2016 முதல் முதல் 100 அலகு விலையில்லாதது ஆகையால், கட்டணமே வராது. இந்த வகையில் நம் வீடு பனிநாட்டு வீட்டைவிட நல்லது. பூட்டினால் அது பெரும்பாலும் பசியில்லாமல் கிடக்கும். வீட்டுவரி மட்டும் நிற்காது.

ஆகவே வெளியேறுவதால் மின்சாரத்தில் மிஞ்சக்கூடியது அதிகம் போனால் 3,900 ரூபாய். மலைவாழிடத்தில் நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்கு அறை கிடைத்தாலும் நான்காம் நாள் அது தீர்ந்துவிடும். சொந்த வண்டியில் மலையேறலாம் என்றால், சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இணையவழி அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. 2025 கோடையில் நாளொன்றுக்கு இத்தனை வண்டிகள் என்ற வரம்பும் வந்தது. ரயிலில் போகலாம் என்றால், 60 வயதான ஆடவர்க்கு 40 விழுக்காடும் 58 வயதான பெண்டிர்க்கு 50 விழுக்காடும் தரப்பட்ட கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அச்சலுகை இருந்த நாளில் எழுதிய கணக்கு அதன்பின் பொருந்தாது.

கேரவன் வண்டி? கேரள அரசு 2021-இல் அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. எனினும் அது சில நாள் உலா வருவோர்க்கான வாடகை வண்டி. மாதக்கணக்கில் மலிவாக நிறுத்தி வாழ, குவார்ட்சைட் போன்ற பொதுவிடங்கள் நமக்கு இல்லை. இருந்தாலும், சித்திரை வெயிலில் நிற்கும் தகரக் கூடத்தைக் குளிர்விக்க ஆகும் எரிபொருள், வீட்டைக் குளிர்விக்கும் மின்சாரத்தைவிட விலை கூடியதாகவே இருக்கும். மலையைத் தேடி உடலைக் கொண்டுபோவதைவிட, மலைக்காற்றை ஓர் அறைக்குள் வரவழைப்பதே நம்மூரில் மலிவு. கேட்பதற்குக் கவிதையாக இல்லைதான். கணக்கு அவ்வாறே வருகிறது.

மழைக்காலத்தில் வெளியேறலாமே எனின், அப்போது பூட்டிய வீடே பெரும் இடர். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையையும் நம் பகுதி மறந்திராது. தண்ணீர் படியேறும்போது புத்தகங்களையும் பத்திரங்களையும் பரண்மேல் ஏற்ற வீட்டில் ஓர் ஆள் வேண்டும். ஓய்வூதியருக்கு முன்பெல்லாம் நவம்பர் மாதம் ஊரைவிட்டு அசைய முடியாத மாதமாகவும் இருந்தது. உயிர்வாழ் சான்றுக்கு நேரில் போய் நிற்க வேண்டும். 2014-இல் வந்த ஜீவன் பிரமாண் மின்னணு முறை அக்கட்டை அவிழ்த்துவிட்டது. எங்கிருந்தும் சான்று தரலாம். செல்வதற்கிருந்த தடைகளில் ஒன்று நீங்கியது என்று சொல்லலாமே தவிர, செலவு நீங்கியது என்று சொல்ல முடியாது.

ஆற்றுப்படையும் விருந்தும்

இவ்வளவு சொன்னபின்னும் ஒரு மறுப்பு எழும். அறை வாடகை எதற்கு? சொந்த ஊர் இருக்கிறது, பெங்களூரில் மகன் இருக்கிறான், கோவையில் மகள் இருக்கிறாள், அங்கே போனால் மிச்சம்தானே என்பர்.

குடும்பத்தோடும் யாழோடும் மூட்டை முடிச்சுகளோடும் ஊர் ஊராகச் சென்ற பாணரையும் பொருநரையும் நாம் ஆற்றுப்படை நூல்களில் காண்கிறோம். ஒருவகையில் அவர்கள் வீட்டையே உடன்கொண்டு நடந்தவர்கள். அவர்களுடைய செலவு எப்படிக் கட்டுபடியாயிற்று? வழிநெடுக எயினரும் ஆயரும் உழவரும் பரதவரும் தத்தம் உணவை அளித்தனர். வழியின் முடிவில் வள்ளல் இருந்தான். செலவு மறையவில்லை, விருந்தளித்தவர் தலைக்கு மாறியது. அவர்கள் அதை மனமுவந்து ஏற்றனர் என்பதே அவ்விலக்கியத்தின் பெருமை.

மகன் வீட்டிலும் மகள் வீட்டிலும் நிகழ்வது அதுவே. இரண்டு மாதப் பாலும் அரிசியும் மின்சாரமும் அவர்கள் கணக்கில் ஏறுகின்றன. உறவில் கணக்கா என்று கேட்காதீர்கள். அன்பினால் செய்வதை அன்பென்றே சொல்வோம், அதை நம் சிக்கனமாக எழுதிக்கொள்ளலாகாது என்கிறேன். நம் வீட்டைப் பூட்டும்போது இன்னொரு வரியும் ஏட்டில் விடுபடுகிறது. பாத்திரம் துலக்க வரும் அம்மாவுக்கு அவ்விரண்டு மாதச் சம்பளம் உண்டா, இல்லையா? இல்லை என்றால், நாம் மிச்சம் என்று எழுதுவது அவருடைய வீட்டில் பற்று.

அடுப்பு யாரிடம்?

பெண் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஓய்வு பெற்றோர் என்னும் தொடரைக் கேட்டதும் நாம் எண்ணுவது அலுவலகத்திலிருந்தோ ஆலையிலிருந்தோ மாலையோடு வீடு திரும்பிய ஒருவரை. அவருடைய மனைவிக்கு அந்த மாலை எந்த நாளில் விழுந்தது? வண்டிக்குள் அடுப்பு வைத்துப் பயணம் செய்தால் உணவகச் செலவு மிச்சம் என்கின்றனர். அந்த அடுப்பின் முன் நிற்பவர் யார் என்பதை அக்கணக்கு சொல்வதில்லை. மருமகள் வீட்டு அடுக்களையில் இரண்டு மாதம் இடம் தேடி நிற்கும் மாமியாரின் சங்கடத்துக்கும், விருந்தினருக்கு நடுவே அலுவலகமும் செல்லும் மருமகளின் களைப்புக்கும் ஏட்டில் பத்தி இல்லை. பொருள்வயிற் பிரிவில் தலைவி வீட்டில் இருந்து வருந்தினாள். ஓய்வுக்காலச் செலவில் அவள் உடன் செல்கிறாள், வேலையும் உடன் செல்கிறது. வாழ்நாளில் ஒருமுறையேனும் அவளிடம், நீ எங்கே போக விரும்புகிறாய் என்று கேட்டபின் புறப்படுவதே முறை.

முறை வீடு

இறுதியாகச் சொல்வதே எனக்கு மிகவும் முக்கியமானது. மிச்சம் என்னும் சொல் சில வீடுகளில் வேறு வேலை செய்கிறது. அப்பா காலமான பின், அம்மாவுக்கு எதற்குத் தனி வீடு, விற்றுவிடலாம், ஆறு மாதம் அண்ணன் வீட்டில், ஆறு மாதம் தம்பி வீட்டில் இருக்கட்டும், செலவும் மிச்சம் என்று முடிவெடுக்கின்றனர். நாட்டுப்புறத்தில் முறை வைத்துச் சோறு போடுவது என்பது இதைத்தான். அந்தத் தாயும் பருவந்தோறும் இடம்பெயர்கிறாள். குவார்ட்சைட்டில் பார்த்த அதே வேறுபாடு இங்கும் உண்டு. திரும்பிவரத் தன் பெயரில் ஒரு கதவு உள்ளவள் செல்வது பயணம். அக்கதவு இல்லாதவளை அனுப்பிவைக்கிறார்கள். ஒரு பை, ஒரு மருந்துப் பெட்டி, ஒரு கைப்பேசி, இவ்வளவே அவளுடைய இருப்பு என்றாகிவிட்டால், வங்கியில் எத்தனை இலக்கம் இருந்தாலும் அது அவளுக்கு இருப்பாகாது.

சட்டம் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலவாழ்வுச் சட்டம் 2007-இல் இயற்றப்பட்டது. பேணிக் காப்பார் என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை, பேணாதபோது மீட்டுக்கொள்ள அதன் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. தீர்ப்பாயப் படியேறி மீட்பதைவிட, எழுதிக்கொடுக்காமல் இருப்பது எளிது. இரும்பு உருக்கும் ஆலை வெப்பத்தில் முப்பதாண்டு நின்று கட்டிய வீடு, இரண்டு மாதக் கோடை வெப்பத்துக்கு அஞ்சி விற்கத்தக்கது அன்று.

முடிவாக

தெற்கே சென்றால், அல்லது மலைக்குச் சென்றால், அல்லது மக்கள் வீட்டுக்குச் சென்றால் பணம் மிச்சமாகுமா? பெரும்பாலும் ஆகாது என்பதே என் விடை. விட்டுச்செல்லும் வீட்டின் செலவு முற்றாக நிற்க வேண்டும், தங்குமிடம் ஏறத்தாழ விலையின்றிக் கிடைக்க வேண்டும், நோய் வந்தால் கைகொடுக்கும் மருத்துவம் அருகே வேண்டும். இம்மூன்றும் கூடினால் சிறிது மிஞ்சலாம். அவையும் பிறர் தலையில் ஏற்றப்படாதவையாக இருக்க வேண்டும்.

அதனால் போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. உடல் தளர்ந்தோர்க்கு வெயில் உயிருக்கே ஊறு. குற்றாலச் சாரலையும் பிறந்த ஊர்க் குளக்கரையையும் கண்ணாரக் காண விரும்புவது முதுமையின் உரிமை. போகும்போது அதைச் செலவு என்றே ஏட்டில் எழுதிவிட்டு, மனநிறைவோடு போய்வாருங்கள். இருப்பை மட்டும், வீட்டையும் தொகையையும், உங்கள் பெயரிலேயே வைத்திருங்கள். மனைவி பெயரையும் அதில் சேர்த்து எழுதுங்கள்.

இங்குள்ள கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோள். பொருள் தேடிப் பிரிந்தவனைப் பற்றி ஈராயிரம் ஆண்டுகளாகப் பாடிவிட்டோம். பொருள் தேடி முடித்தபின் பையோடு வீடு வீடாகப் பெயரும் முதியோரைப் பற்றிய பாடல்கள் நம்மிடம் மிகக் குறைவு. அத்திணைக்குரிய நிலமும் பொழுதும் நம் தெருக்களிலேயே இருக்கின்றன. அடுத்த ஆண்டு மலரில் அத்தகைய பாடல்களைப் படிக்க ஆவலோடு காத்திருக்கிறேன்.